நாற்பது மீட்டர் தள்ளி

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஹெலிகாப்டர் எங்கள் இருவரையும் பதினேழு பெட்டிகளையும் இறக்கிப்போட்டுவிட்டு, விட்டால் போதும் என்று கிளம்பிவிட்டது. இனி அது வருவது அக்டோபர் 20. அதன் பிறகு இருட்டுக் காலம். பிப்ரவரி வரை இந்தப் பள்ளத்தாக்கை யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

போன வருடம் நாட்குறிப்பு எழுதாமல் விட்டேன். என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் நின்றேன். இந்த வருடம் பல் துலக்கினால்கூட எழுதி வைப்பதாக உத்தேசம்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் செண்பகவல்லி, ஊர் கோவில்பட்டி, வயது நாற்பத்தாறு, வேலை கருவிப் பொறியாளர். இடம் நோர்வேக்கும் வடக்கே, துருவத்தை ஒட்டி ஒரு தீவு. இங்கே நிலத்துக்கடியில் எப்போதும் உறைந்தே கிடக்கும் மண் உண்டு. அதன் மேல்பகுதி மட்டும் கோடையில் முழங்கால் ஆழத்துக்கு இளகிச் சேறாகும். அந்தச் சேற்றில் மக்கும் பழைய செடிகொடிகளிலிருந்து மீத்தேன் வாயு வருகிறது. உலகம் சூடாகச் சூடாக மண் அதிகம் இளகுகிறது, வாயு அதிகம் வருகிறது, வந்த வாயு உலகத்தை இன்னும் சூடாக்குகிறது. எவ்வளவு வருகிறது என்று அளப்பது என் சோலி. அடிப்பாகம் இல்லாத ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சேற்றின் மேல் பதித்து, மூடியைப் போட்டு, உள்ளே வாயு எத்தனை வேகத்தில் சேர்கிறது என்று பார்ப்போம். அவ்வளவுதான். இதற்குப் போய் ஏழு வருடம் படித்தேன்.

மற்றவர்கள் செப்டம்பர் தொடக்கத்திலேயே மூட்டை கட்டிவிடுவார்கள். குளிர் வந்தால் மண் அடங்கிவிடும், வாயு நின்றுவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. போன வருடம் நான் மண் உறையும்வரை இருந்து அளந்தேன். நிற்கவில்லை. ஏறியது! கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு மூன்று மில்லிகிராம் வந்த இடத்தில், ஆறில் தொடங்கிப் பதினான்கு வரை பதினோரு அளவுகள் எடுத்தேன். எங்கள் தலைவர் ஹால்வோர் என்ன செய்தார்? என் அட்டவணையை அறிக்கையிலிருந்து முழுதாகத் தூக்கிவிட்டுக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி போட்டார்: ‘அளந்தவர்களின் நடமாட்டத்தால் தொந்தரவு ஏற்பட்டிருக்கலாம்.’

சேற்றை மிதித்தால் வாயு கொப்புளம் கொப்புளமாக வெளியே வரும், அதை எனக்குச் சொல்லித் தருகிறாராம். அதற்காகத்தானே கம்பங்களின் மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறோம்? அந்தப் பலகையை விட்டு நான் ஓரடி இறங்கவில்லை. ஒருவரும் மண்ணில் கால் வைக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அப்படியும் அந்த வரியை அவர் எடுக்கவில்லை.

இந்த முறை அக்டோபர் 20-க்குள் மண் உறைந்து, அளவு ஏறியதைக் காட்டவேண்டும். காட்டினால் என் எண்கள் ஏட்டில் ஏறும். காட்டாவிட்டால் இனிமேல் எங்கள் நிலையங்களில் கோடைக்கு மட்டும்தான் அளவு, இலையுதிர்கால வேலைக்கு மங்களம். அந்தப் பொடி எழுத்து என் பெயரோடு ஒட்டியே கிடக்கும். விடுவேனா?


ஆகஸ்ட் 31, ஞாயிறு

குடிலைக் கூட்டியாயிற்று. ஓடையிலிருந்து எட்டு வாளித் தண்ணீர். கக்கூஸ் வாளி இந்த வாரம் கஜீபன் முறை, அடுத்த வாரம் என் முறை. பின்னால் பேச்சு மாறக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

கஜீபன் கரடிக் காவல்காரன், மெக்கானிக்கும்கூட. பனிக்கரடி திரியும் இடம் என்பதால் ஒருவர் குனிந்து அளக்கும்போது இன்னொருவர் துப்பாக்கியோடு நின்றாக வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரன், ஏழு வயதில் பெற்றோரோடு நோர்வேயின் வடகோடிக்கு வந்தவன். அப்பாவுக்கு அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. இப்போது வயது நாற்பது. இந்தத் தீவில் தமிழ் பேச எனக்கு அவன், அவனுக்கு நான்.

இன்று கருவாட்டில் என் சாம்பார்ப் பொடியைப் போட்டு ஒரு குழம்பு வைத்தான்.

“அக்கா, எப்பிடி இருக்கு?”

“மோந்து பாத்தா நல்லாருக்கு.”

“சாப்பிட்டுப்போட்டுச் சொல்லுங்கோவன்.”

“சாப்பிட்டுட்டுத்தான் மோந்து பாத்தேன்னு சொல்லுதேன்.”

இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன் என்பதையும் எழுதியாக வேண்டும்.


செப்டம்பர் 4, வியாழன்

முதல் அளவு 3.1. கோடை எண்ணிலிருந்து இன்னும் இறங்கவில்லை. நல்ல அறிகுறி.

நான் பலகையில் மண்டியிட்டிருந்தேன். கஜீபன் பெட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு எட்டுத் தள்ளி நின்றான். காவலாள் நாற்பது மீட்டர் தள்ளி, சரளை மேட்டில் நிற்கவேண்டும் என்று ஒரு விதி உண்டு. எனக்குக் கரடி பயம். அதனால் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

அவன் மனைவி துஷாந்திக்குப் பிரசவ நாள் அக்டோபர் 28 என்று குறித்திருக்கிறார்களாம். பெண் என்றால் என்ன பெயர் வைப்பது என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். நான் சொன்ன பதினான்கு பெயரும் அவனுக்குப் பிடிக்கவில்லை. குளிரில் கால் மரத்துப்போகாமல் இருக்க ஒரே இடத்தில் குதித்துக்கொண்டே எல்லாவற்றையும் தள்ளிவிட்டான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.


செப்டம்பர் 9, செவ்வாய்

ஹால்வோரிடமிருந்து செயற்கைக்கோள் வழியாக ஒரு வரி: ‘போன வருடம் அளக்கும்போது காவலாள் எங்கே நின்றார்?’

வேலை மெனக்கெட்டு ஒரு வருடம் யோசித்துக் கேட்கிறார் பாருங்கள்! எங்கே நிற்பான்? கரடி வந்தால் சுடுகிற இடத்தில் நிற்பான்.

பதில் போடவில்லை.


செப்டம்பர் 10, புதன்

தூக்கமில்லை. காலையில் எழுந்ததும் குடிலில் கிடக்கும் காவல் முறைப் பதிவேட்டை எடுத்தேன். போன வருடம் காவலுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் கஜீபன். இன்னொருவன் மாரெக் என்று ஒரு போலந்துக்காரன், வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருப்பான். அவனிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை; அவன் பாட்டுக்குச் சரளை மேட்டில் நிற்பான்.

என் பதினோரு அளவுகளையும் தேதிப்படி பிரித்தேன். மாரெக் நின்ற நாட்களில் நான்கு: ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. கஜீபன் நின்ற நாட்களில் ஏழு: எல்லாமே பத்துக்கு மேல்.

கஜீபனைக் கூட்டிக்கொண்டு பெட்டி இருக்கும் இடத்துக்குப் போனேன்.

“போன வருசம் எங்கப்பா நின்ன?”

“நீங்கள் நிக்கச்சொன்ன இடத்திலதான் அக்கா. உந்தப் பெட்டிக்கு எதிர்ப்பக்கம். பாசி மெத்தை மாதிரி இருக்குமே, அதிலை.”

“சும்மா நின்னியா?”

“கதைச்சுக்கொண்டு நிண்டனான். குளிருக்குத் துள்ளிக்கொண்டு.”

நான் பலகையை விட்டு இறங்கவில்லை என்பது சத்தியம். அவன் பலகையில் ஏறவே இல்லை என்பதும் சத்தியம்! இது என் மண்டைக்கு ஒரு வருடமாக உறைக்கவில்லை.

சோதித்துப் பார்த்தேன். அவன் எதிரில் நின்று பேசும்போது 3.3. சரளை மேட்டுக்குப் போய் நின்று, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 1.1. மறுபடி கூப்பிட்டேன், 3.4. திருப்பி அனுப்பினேன், 1.0. போன வாரம் நல்ல அறிகுறி என்று எழுதினேனே, அது அவன் பாதம்.

“அக்கா, என்னாலையோ? என்னாலையோ உங்கட வேலை கெட்டது?” என்று அவன் முகம் சுண்டிப்போய்க் கேட்டான்.

“நான்தான கூப்புட்டேன். நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுத?”

கரடி பயம் என்று மேலே எழுதியிருக்கிறேன். பதினொரு வருடமாகத் துருவத்தில் வேலை பார்க்கிறேன், மூன்று கரடியை நேரில் பார்த்திருக்கிறேன். பயம் கியம் ஒன்றும் கிடையாது. அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.


செப்டம்பர் 11, வியாழன்

ஏழு அளவுகளையும் நானே கணக்கிலிருந்து அடித்து, காரணத்தையும் எழுதி, ஹால்வோருக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்த மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பிடவில்லை.


செப்டம்பர் 13, சனி

பதில் வந்தது. ‘நன்றி. மிச்சமுள்ள நான்கு அளவுகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தொடர்ந்து அளந்து பாருங்கள்.’

பார்க்கத்தான் போகிறேன். அந்த நான்கும் மாரெக் என்ற கல்தூண் நாற்பது மீட்டர் தள்ளி நின்றபோது எடுத்தவை. யாரும் மிதிக்காமலே வந்த ஆறும் ஏழும் எட்டும் ஒன்பதும். கோடையைவிட இரண்டு மூன்று மடங்கு. மண் உறையும்போது ஏதோ நடக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும்.

கக்கூஸ் வாளி என் முறை. இன்றைய நாளுக்கு அதுவும் பொருத்தம்தான்.


செப்டம்பர் 15, திங்கள்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஆளே வேண்டாம். பெட்டி தானே மூடித் தானே திறக்கவேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை, இரவும் பகலும். நாங்கள் அறுநூறு மீட்டர் தள்ளிக் குடிலுக்குள் உட்கார்ந்திருப்போம், எண் கம்பி வழியாகக் கணினிக்கு வரும். பெட்டியைப் பார்த்தபடி, இருட்டிலும் படம் எடுக்கும் ஒரு கேமரா. அப்போது யார் நடமாட்டம் என்று சொல்வார் ஹால்வோர்?

மூடியைத் தூக்க மோட்டார் வேண்டுமே என்றேன். கஜீபன் குடிலுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் பனி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“அக்கா, உதிலை வைப்பர் மோட்டார் இருக்கு. கழட்டுவமோ?”

“ஓடுமா?”

“என்ர அப்பா மீன் வெட்டுற மெசினையே கம்பியாலை கட்டி ஓட்டினவர். இது ஓடாமல் எங்கை போறது?”


செப்டம்பர் 19, வெள்ளி

ஓடுகிறது! மூடி தானே எழுந்து, தானே சாய்ந்து, பொத்தென்று உட்காருகிறது. இருவரும் கைதட்டினோம். பன்னிரண்டாவது தடவை பாதியில் நின்றது. திருகாணியை இறுக்கினோம். இப்போது நூறு தடவை ஆயிற்று, நிற்கவில்லை. அளவு 0.9, அமைதியாக இருக்கிறது. இனி மண் உறைய வேண்டியதுதான் பாக்கி.


செப்டம்பர் 24, புதன்

மழை.


செப்டம்பர் 30, செவ்வாய்

மழை. வெப்பம் மூன்று டிகிரி. இந்தத் தேதிக்கு இங்கே மண் இறுகிக் கிடக்கவேண்டும். பழைய பதிவுகளைப் பார்த்தேன்; இருபது வருடத்துக்கு முன் செப்டம்பர் பாதியிலேயே உறைந்திருக்கிறது. உலகம் சூடாவதை அளக்க வந்தேன். அந்தச் சூடே என்னை அளக்கவிடாமல் செய்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

கஜீபனிடம்தான் சொன்னேன். அடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, “வானத்துக்கு ஒரு கடிதம் போடுங்கோவன் அக்கா, ஹால்வோருக்குப் போட்ட மாதிரி,” என்கிறான். கரண்டியை எறிந்தேன். குனிந்துவிட்டான்.


அக்டோபர் 6, திங்கள்

நான்கு டிகிரி. சேறு சேறாகவே இருக்கிறது. இன்னும் பதினான்கு நாள்.

குடிலில் செய்ய ஒரு வேலையும் இல்லாததால் ரொட்டி சுட்டேன். கல் மாதிரி வந்தது. கஜீபன் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்து, கரடி வந்தால் இதுவே போதும் என்றான். சிரிப்பு வரவில்லை. அவன் மேல் எரிந்து விழுந்தேன். அப்புறம் நானே போய், ஆண் பிள்ளை என்றால் என்ன பெயர் என்று கேட்டேன். சாயங்காலம்வரை பேசினோம். அறுநூறு மீட்டர் தள்ளித்தானே இருக்கிறோம், பேசினால் என்ன.


அக்டோபர் 13, திங்கள்

விடிந்ததும் கதவைத் திறந்தால் மூக்கு மயிர் உறைந்தது. பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது! ஓடைக்குப் போனால் ஓரமெல்லாம் கண்ணாடி. “வந்துட்டு வந்துட்டு” என்று கத்திக்கொண்டே வாளியோடு திரும்பி ஓடினேன். தண்ணீர் எடுக்க மறந்துவிட்டேன்.


அக்டோபர் 14, செவ்வாய்

பாவி மூடி ஒட்டிக்கொண்டது. விளிம்பு ரப்பரில் ஈரம் உறைந்து, மோட்டார் முக்குகிறது, மூடி அசையவில்லை. ஒரு வருடம் காத்திருந்து, வருகிற நேரத்தில் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது. பலகையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். குளிரில் கண்ணீர் வலிக்கும், அழக்கூட வசதியில்லாத ஊர்.

கஜீபன் சரளை மேட்டிலிருந்து வாக்கி டாக்கியில் கேட்டான்.

“அக்கா, அழுறியளோ?”

“இல்ல.”

“சரி. மீன் எண்ணெய் பூசிப் பாப்பமோ?”

இருட்டுக் காலத்தில் வெயில் இல்லாத குறைக்கு இங்கே எல்லோரும் குடிக்கிற மீன் ஈரல் எண்ணெய். குடிலில் மூன்று போத்தல் இருக்கிறது. அவன் அப்பா தொழிற்சாலையின் குளிர் அறைக் கதவு ஒட்டாமல் இருக்க ரப்பரில் இதைத்தான் பூசுவாராம். எண்ணெயில் மீத்தேன் வருமா என்று ஒரு மூடிய பாத்திரத்தில் வைத்து முதலில் அளந்தேன், வரவில்லை. பூசினோம். மூடி வெண்ணெய் மாதிரி எழுந்தது!

“ஆனா அக்கா, கரடிக்கு இது சாப்பாட்டு வாசம்,” என்றான் திரும்பி வரும்போது.

இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.


அக்டோபர் 15, புதன்

இருபத்திரண்டு! காலை பத்தரைக்குத் திரையில் இருபத்திரண்டு! நாற்காலி கவிழ எழுந்தேன். கஜீபனைப் பிடித்து உலுக்கினேன். ஹால்வோருக்குக் கடிதம் தட்டத் தொடங்கினேன்.

பிறகு கேமராவைப் பார்த்தேன். ஒரு நரி. பெட்டியைச் சுற்றிப் பாசியை மிதித்து உழப்பி, விளிம்பை நக்கிக்கொண்டிருக்கிறது. நக்கி முடித்துக் கேமராவை வேறு பார்க்கிறது.

அடித்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘நரி’ என்று எழுதினேன். இந்த வருடம் அடிப்பதில் நான் கைதேர்ந்துவிட்டேன்.


அக்டோபர் 16, வியாழன்

பலகையின் மேலிருந்தே நீட்டி, பெட்டியைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டோம். விரல்கள் போயே போய்விட்டன என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வலியோடு திரும்பி வந்தன. நரி தூரத்தில் உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்தது.

அளவு 0.8. வெப்பம் மைனஸ் பதினொன்று. இன்னும் நான்கு நாள்.


அக்டோபர் 18, சனி

காலை ஒன்பது மணி: 1.2.

பத்து: 1.9.

பதினொன்று: 2.6. கேமராவில் யாருமில்லை.

பன்னிரண்டரை: 4.0. யாருமில்லை. நரிகூட இல்லை.

இரண்டு: 5.3. கஜீபன் சோறு பொங்கினான். தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே இருந்தேன். சோறு ஆறி, விறைத்துப் போயிற்று. அவன் வாங்கிப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தான். அதுவும் ஆறியது.

மேலேயிருந்தும் கீழேயிருந்தும் மண் உறைகிறது. நடுவில் மாட்டிய சேறு இறுக இறுக, அதிலுள்ள வாயுவுக்குப் போக்கிடமில்லை. கிடைத்த வெடிப்பில் பிதுங்கி வருகிறது. பற்பசைக் குழாயை இரண்டு பக்கமும் அமுக்கினால் வருவதுபோல. போன வருடமே இதைத்தான் சொன்னேன்.

நான்கு: 7.1.

இன்று நான் துள்ளவில்லை. நரிக்குத் துள்ளியதே போதும்.


அக்டோபர் 19, ஞாயிறு

11.4. வரைகோடு ஏணி மாதிரி ஏறுகிறது. இரவு முழுக்க எந்தப் படத்திலும் உயிருள்ள ஒன்றும் இல்லை.

கஜீபன் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஒண்டு கேக்கட்டோ? கோவிக்கக்கூடாது.”

“கேளு.”

“இவ்வளவு வாயு வாறது உலகத்துக்குக் கூடாதுதானே. நாங்கள் என்னத்துக்குச் சந்தோசப்படுறம்?”

கோபம் வரவில்லை. யோசித்தேன். “இது நாம அளந்ததால வரலப்பா. நேத்தும் வந்துச்சு, போன வருசமும் வந்துச்சு, நம்ம பொறக்கதுக்கு முன்னாடியும் வந்திருக்கும். யாரும் கணக்குல சேக்கல. இப்பச் சேக்கணும். தெரியாம இருக்கதவிடத் தெரிஞ்சிருக்கது மேல் இல்லையா?”

“ஓம்,” என்றான்.

“அதோட, நான் பொய் சொல்லல. அதுக்கும் சேத்துத்தான் சந்தோசம்.”

“அது எனக்கு எப்பவோ தெரியும் அக்கா,” என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டப் போனான். எனக்குத் திரை கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்தது. குடிலில் புகை அதிகம்.


அக்டோபர் 20, திங்கள்

பெரிய நாள். ஒழுங்காக எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு ஹெலிகாப்டர் வந்தது. இறங்கியது ஹால்வோர். அவர் வருவார் என்று யாரும் சொல்லவில்லை. ஆறடி நாலங்குலம், வெள்ளைத் தாடி, குடில் வாசலில் குனியாமல் நுழைந்து இடித்துக்கொண்டார். அவர் பேசுவது ஆங்கிலம். என் தமிழில் எழுதுகிறேன்.

“காட்டுங்க,” என்றார். அவ்வளவுதான், ஒரு வணக்கம்கூட இல்லை.

காட்டினேன். அப்போது 13.8. மூன்று நாள் கேமராப் படங்களைக் கேட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதிவில் ‘நரி’ என்று இருந்ததைப் பார்த்து, அது எங்கே என்று கேட்டார். அதையும், நான் அடித்ததையும் காட்டினேன். வேலியைக் கேட்டார். எண்ணெயைக் கேட்டார். எண்ணெயை அளந்த தாளைக் கேட்டார். எல்லாம் இருந்தது. கேட்க இனி ஒன்றுமில்லை என்றானதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த நாலு அளவையும் நான் விட்டிருக்கக்கூடாது. மொத்தமாத் தூக்குறது சுலபமா இருந்துச்சு, அதான் தூக்கினேன். என் தப்பு, செண்பா.”

ஒரு வருடமாக இந்த நிமிடத்துக்கென்று நான் சேர்த்து வைத்த வசனங்கள் எத்தனை! குளிக்கும்போது, நடக்கும்போது, கக்கூஸ் வாளி கழுவும்போதெல்லாம் பேசிப் பார்த்தவை. “காபி குடிக்கீங்களா?” என்று கேட்டேன். அதையும் தமிழில் கேட்டுவிட்டேன்.

அதற்குள் பைலட் வந்து, வெளிச்சம் போவதற்குள் கிளம்பவேண்டும், நாற்பது நிமிடம்தான் என்றார். திரையில் 14.0. இன்னும் ஏறுகிறது. எந்த உயரத்தில் நிற்கும், எப்போது இறங்கும் என்று தெரியாமல் பாதியில் பிடுங்கிக்கொண்டு போவதா? உச்சி தெரியாவிட்டால் மொத்தக் கணக்கு தெரியாது.

“நான் வரல,” என்றேன்.

ஒருவர் தனியாக இங்கே இருக்கக்கூடாது, அதுவும் விதி. கஜீபன் தோளிலிருந்து பையை இறக்கினான்.

“நான் நிக்கிறன் அக்கா.”

“கோட்டிக்காரா! இருபத்தெட்டாந்தேதி அங்க உம்பொண்டாட்டிக்கு வலி எடுக்கும், இங்க நீ நரி பாத்துக்கிட்டு இருப்பியா? ஏறு மொதல்ல!”

“நீங்கள் தனிய—”

“ஏறுன்னு சொன்னேன்!”

தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் ஹால்வோருக்குப் புரிந்துவிட்டது. வெளியே போனார். போனவர் தன் பையை ஹெலிகாப்டரிலிருந்து தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். பத்து நாள் கழித்து வானம் தெளிந்தால் வரும்படி பைலட்டிடம் சொன்னார். கஜீபனிடம் கையை நீட்டினார், துப்பாக்கிக்காக.

“முப்பது வருசத்துக்கு முன்னாடி எனக்கு இதுதான் வேலை,” என்றார்.

கஜீபன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். விசிறிச் சத்தத்தில் காதில் விழவில்லை. நானும் ஏதோ சொன்னேன். ஹெலிகாப்டர் மலை தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அளவு குறிக்கவேண்டிய நேரம் வந்ததால் உள்ளே போனேன். 14.3.


அக்டோபர் 22, புதன்

15.6. ஹால்வோர் கக்கூஸ் வாளியை அவராகவே எடுத்துக்கொண்டு போனார்.


அக்டோபர் 24, வெள்ளி

காலையில் 16.4 வரை போய், அதன் பிறகு ஏறவில்லை. எட்டு அளவுகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. உச்சியாக இருக்கலாம்.

ஹால்வோர் ஒரு யோசனை சொன்னார். கருவி சொல்வது இருக்கட்டும், போன வருடம் அளந்த அதே இடத்தில் பழைய பெட்டியை வைத்துக் கையாலும் ஒரு தடவை அளந்துவிட்டால், யாரும் வாய் திறக்கமுடியாது என்றார். போனோம். மைனஸ் பதினைந்து, காற்று வேறு. சூரியன் மலைக்கு மேல் ஒரு கோடு போலத் தெரிந்து மறையும் காலம்.

அவர் ஒன்றும் பேசாமல் சரளை மேட்டுக்கு நடந்தார். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, கையில் பதிவேட்டோடு நின்றார். நாற்பது மீட்டர். நான் பலகையில் மண்டியிட்டேன். மண் அடங்கட்டும் என்று ஒரு மணி நேரம் காத்து, பிறகு மூடினேன். அவ்வளவு நேரமும் அந்த மனிதர் ஒரு கால் மாற்றி வைக்கவில்லை, ஒரு தடவை துள்ளவில்லை. தாடி முழுக்க வெண்பனி படிந்திருந்தது. அறுபத்து மூன்று வயது.

எண் வந்தது, மணி 11:42. எழுந்து நின்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

“பதினாறு புள்ளி இரண்டு!”

அவர் காதில் கை வைத்தார். கேட்கவில்லை என்று சைகை காட்டினார். காற்று அவர் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

“பதினாறு புள்ளி இரண்டு!” மார்பு வெடிக்கக் கத்தினேன். எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி கையை வைத்தார். மூன்றாவது தடவை தமிழிலேயே கத்தினேன், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுவரை கேட்கிற மாதிரி. “பதினாறே புள்ளி ரெண்டுய்யா! கேட்டுச்சா!” பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்தது, எது எது என்று பிரிக்கவில்லை. அவர் கட்டை விரலை உயர்த்தினார்.

திரும்பி நடக்கும்போது பதிவேட்டை என்னிடம் கொடுத்தார். அவர் கையெழுத்தில் 16.2. பக்கத்தில் நேரம் 11:42, நான் முதல் தடவை கத்திய நிமிடம். அப்போதே கேட்டிருக்கிறது!